பெட்டிமேல் அச்சிட்ட வேகம்

2019 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய ஆண்டு வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் இடுக்கி மலைத் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியதால் காய்க்குத் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. ஏழாயிரம் என்ற எண் தலைப்புச் செய்தியானது. அன்று விற்ற சரக்கின் சராசரி விலையோ அதைவிட வெகுவாகக் குறைவு. போடிநாயக்கனூரில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இருந்திருக்காது. ஏல விவரத்தில் உச்ச விலையும் இருக்கும், சராசரி விலையும் இருக்கும். வியாபாரத்தைச் சராசரியை வைத்துத்தான் நடத்த முடியும். உச்ச விலை என்பது நல்ல பச்சை நிறமும் பருமனும் உள்ள ஒரு குவியலுக்கு ஒருவர் ஒரு தடவை கொடுத்த விலை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கடைக்குப் போனால் மட்டும் இந்த நிதானம் பலருக்குக் கைநழுவிப் போகிறது. கம்ப்யூட்டரின் சேமிப்பகமான எஸ்எஸ்டியின் அட்டைப்பெட்டி மேல் 'நொடிக்கு 7,000 எம்பி' என்று அச்சிட்டிருப்பதும் ஓர் உச்ச விலைதான். அதை நம்பிப் பணம் கொடுப்பவர் தன் வேலைக்கு என்ன வேகம் கிடைக்கும் என்பதையும், தன் கணக்கு எத்தனை வருடம் பத்திரமாக இருக்கும் என்பதையும் பார்க்க மறந்துவிடுகிறார். மினி பிசி வாங்கும்போது பார்க்க வேண்டியவை இந்த இரண்டுமே என்பது என் கருத்து.

மினி பிசி என்பது உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு முழுக் கம்ப்யூட்டர். நான்கு அங்குலச் சதுரப் பலகையில் இன்டெல் கொண்டுவந்த நக் வரிசை இதைப் பரவலாக்கியது; 2023 ஜூலையில் இன்டெல் அதிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, அந்த வரிசையை ஏசுஸ் எடுத்துக்கொண்டது. மானிட்டருக்குப் பின்னால் திருகி மாட்டிவிடலாம், மின்சாரமும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். போடியின் ஏலக்காய்க் கமிஷன் மண்டிகளுக்கும், மலைமேல் காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான இயந்திரம் கிடைப்பது கடினம். தோட்டம் கேரளத்தில், வியாபாரம் தமிழ்நாட்டில் என்று இருப்பதால் இந்தத் தொழிலில் எழுத்து வேலை அதிகம். 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைக் கடக்க இ-வே பில் கட்டாயம். போடிமெட்டு வழியாக இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு பில், ஒரு லெட்ஜர் பதிவு, ஒரு ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது. ஏலமே கணினித் திரையில்தான் நடக்கிறது. 2021 ஜனவரியில் ஸ்பைசஸ் போர்டு கிளவுட் முறையைக் கொண்டுவந்த பிறகு, போடியில் உட்கார்ந்திருப்பவரும் புற்றடியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே ஏலத்தில் விலை கேட்க முடிகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஓர் அலுவலகக் கம்ப்யூட்டரின் வேகம் என்பது என்ன?

அது காத்திருக்கும் நேரம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பார்த்தால் சேமிப்பகத்தின் கதை விளங்கும். விண்டோஸ் தொடங்கும்போதும், டேலி கணக்கு மென்பொருளில் ஒரு கம்பெனியைத் திறக்கும்போதும், கம்ப்யூட்டர் ஒரு பெரிய கோப்பை நீளமாகப் படிப்பதில்லை. அங்கே ஒரு துணுக்கு, இங்கே ஒரு துணுக்கு என்று ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகளைப் பொறுக்குகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழல்கிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லி நொடி. முனை நகர்ந்து போக இன்னொரு 9 மில்லி நொடி. ஆக ஒரு துணுக்குக்கு 13 மில்லி நொடி, நொடிக்கு 75 அல்லது 80 துணுக்கு. பத்தாயிரம் துணுக்கு வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல். எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் வரும் சாதாரண எஸ்எஸ்டி நொடிக்கு ஏழாயிரம், எட்டாயிரம் துணுக்கு எடுக்கும். அதே வேலை ஒன்றரை நொடிக்குள் முடியும். என்விஎம்இ என்ற புதிய, வேகமான முறையில் வரும் நல்ல எஸ்எஸ்டி பன்னிரண்டாயிரம் எடுத்தால் ஒரு நொடிக்கும் குறைவு. பெட்டியில் 7,000 என்று போட்ட விலையுயர்ந்த வகை இருபதாயிரம் எடுத்தால் அரை நொடி. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்குத் தாவினாலும் இரண்டு நிமிடம் மிச்சம். அதற்குமேல் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அரை நொடி, கால் நொடி என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்று ஓர் இலவச ஜப்பானிய மென்பொருள் உண்டு. ஓடவிட்டால் திரையில் நான்கு வரிசை தோன்றும். மேல் வரிசையில்தான் அந்தப் பெரிய எண் வரும்: ஒரே நீளமான கோப்பை, எட்டு வேண்டுகோள்களை ஒன்றாக அடுக்கிப் படித்தால் கிடைக்கும் வேகம். விளம்பரங்களில் வருவது அதுவே. கீழ் வரிசையில் 4 கேபி துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் வேகம் இருக்கும். மேலே 7,000 காட்டும் எஸ்எஸ்டி அந்தக் கடைசி வரிசையில் 70, 80 என்றுதான் காட்டும். மேலே 550 மட்டுமே காட்டும் சாட்டா எஸ்எஸ்டி அங்கே 30 காட்டும். மேல் வரிசையில் பதிமூன்று மடங்கு வித்தியாசம், கீழ் வரிசையில் இரண்டரை மடங்கு. பில் போடுகிற கம்ப்யூட்டர் நாள் முழுக்க வாழ்வது கீழ் வரிசையில். கடைக்காரர் மேல் வரிசையைக் காட்டிப் பேசினால் திரையின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, அந்த 7,000 உங்கள் மினி பிசிக்குள் நுழையவே முடியுமா என்ற கேள்வி இருக்கிறது. குறைந்த விலை மினி பிசிகளில் பரவலாகக் காணப்படும் ஒன்று 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப். நான்கு கோர், 6 வாட் என்று அறிவிக்கப்பட்டது. அலுவலக வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் வெளிச் சாதனங்களோடு பேச அதற்கு இருப்பது மூன்றாம் தலைமுறை பிசிஐஇ பாதைகள் ஒன்பதே ஒன்பது. நெட்வொர்க் போர்ட், வைஃபை என்று பங்கு போன பிறகு, பல மாடல்களில் எஸ்எஸ்டிக்கு ஒன்றோ இரண்டோ பாதைதான் மிஞ்சுகிறது. ஒரு பாதையில் நொடிக்குச் சுமார் 985 எம்பிக்கு மேல் போகாது. அதில் 7,000 எம்பி எஸ்எஸ்டியைச் செருகினாலும் கிடைப்பது ஆயிரத்துக்குக் கீழேதான். சில மாடல்களில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. அடி மூடியின் நான்கு திருகைக் கழற்றினால் உள்ளே 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, எம்.2 எனப்படும் ஒரு பலகை படுத்திருக்கும். ஒரு முனை செருகியிருக்கும், மறு முனையைக் கடுகளவு திருகு ஒன்று பிடித்திருக்கும். இதே அளவு, இதே வடிவில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சாட்டாவுக்கு மட்டுமே ஆன இடத்தில் என்விஎம்இ பலகையைச் செருகினால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆகவே எஸ்எஸ்டி வாங்குமுன் மினி பிசியின் விவரத்தாளில் எத்தனை இடம், எந்த வகை, எத்தனை பாதை என்று பார்ப்பது அவசியம். கடையில் தெளிவான பதில் வரவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுவதே நல்லது.

பாதை இருந்தாலும் அதில் வந்து சேர்வதற்குச் சரக்கு வேண்டும். அலுவலகத்தின் ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி வரும். 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்டில் 12 எம்பிக்குச் சற்று மேல். மலையில் மொபைல் சிக்னலை நம்பியிருக்கும் ஸ்டோர்களில் அதுவும் கனவு. ஏலத்தில் விலை கேட்கும்போது வலையில் போவது சில பைட்கள் மட்டுமே. அங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இணைப்பின் தாமதம், எஸ்எஸ்டி இல்லை. வீடியோ எடுப்பவர்களுக்கு இது பொருந்தாதே என்று கேட்கலாம். கொழுக்குமலையில் சூரிய உதயத்தை 4கே-யில் பிடிக்கும் இளைஞர்கள் இன்று நிறைய. அந்த வீடியோ 100 எம்பிபிஎஸ் அளவில் பதிவானால் நொடிக்கு 12.5 எம்பிதான். மூன்று அடுக்கு வீடியோவை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 40 எம்பி. சாட்டா எஸ்எஸ்டியே போதும். திணறுவது பிராசஸரும் கிராஃபிக்ஸும்தான். உண்மையில் ஏழாயிரம் யாருக்கு வேண்டும் என்றால், 40 ஜிபி ஏஐ மாடலைத் தன் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வேலை செய்பவருக்கு. சாட்டாவில் அதை ஏற்ற 70 நொடிக்கு மேல் ஆகும், ஏழாயிரத்தில் ஆறு நொடி. போடி அரசு பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் அப்படிப்பட்ட வேலையில் இறங்கினால் அவருக்கு அந்தச் செலவு நியாயமானது. அவருக்கும்கூட முதலில் தேவைப்படுவது அந்த மாடல் முழுதும் உட்காரக்கூடிய அளவுக்கு ராம்.

'எதிர்காலத்துக்கும் ஆகும், கொஞ்சம் கூடப் போட்டு வேகமானதையே வாங்கிவிடலாமே' என்பது வலுவான வாதம். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் மெமரியையும் ஃபிளாஷ் சிப்பையும் அள்ளிக்கொண்டு போனதில் ராம், எஸ்எஸ்டி இரண்டுமே விலை ஏறின. தேவையில்லாத வேகத்துக்குக் கொடுக்கும் பணம் தேவையான இடத்தில் குறைகிறது. விலையைத் தள்ளிவைத்தாலும் இன்னொரு காரணம் மிஞ்சுகிறது, அது சூடு. வேகம் கூடக் கூட எஸ்எஸ்டியின் மின்சாரப் பசியும் கூடும்; ஐந்தாம் தலைமுறை பிசிஐஇ எஸ்எஸ்டிகள் முழு வேகத்தில் 10 வாட்டைத் தொடுகின்றன. 6 வாட் சிப்புக்கு அளவெடுத்துச் செய்த அரை லிட்டர் பெட்டிக்குள், காற்றாடி எட்டாத அடிப்பக்கத்தில் அதைப் படுக்கவைத்தால் என்ன ஆகும்? சிப் 70, 80 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாதத்துப் போடியில், ஏசி இல்லாத கடையில், மானிட்டருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி மாட்டிய பெட்டி அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் அடைந்துவிடும். மலையில் குளிராயிற்றே என்றால், அது உண்மைதான். சுமார் 1,400 மீட்டர் உயரத்துப் போடிமெட்டில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு, ஆகவே காற்றாடி தள்ளும் காற்று சற்று மெலிது. ஆனால் குளிர் அதை ஈடுகட்டிவிடும். அங்கே பயப்பட வேண்டியது ஸ்டோரைக் கண்டுதான். உலர்த்தும் அறை 50 டிகிரிப் பக்கம் போகிறது, பச்சைக் காய் விடும் ஈரம் காற்றில் நிற்கிறது, தோல் தூசி பறக்கிறது. கம்ப்யூட்டரை அந்த அறையிலிருந்து ஒரு சுவராவது தள்ளி வையுங்கள்.

எஸ்எஸ்டியின் உச்ச வேகம் இன்னொரு வகையிலும் தற்காலிகமானது. ஃபிளாஷ் சிப்பின் ஒரு சிற்றறையில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு பிட் வைத்தால் கியூஎல்சி. நான்கு வைத்தால் மலிவு, ஆனால் எழுத நேரம் பிடிக்கும், தேய்வும் அதிகம். அதை மறைக்க, காலியாக உள்ள இடத்தில் ஒரு பகுதியை அறைக்கு ஒரே பிட் என்று வைத்து முதலில் அங்கே விறுவிறுவென்று எழுதிவிட்டுப் பிறகு சாவகாசமாக இடம் மாற்றுவார்கள். அந்தப் பகுதி நிரம்பும்வரை விளம்பர வேகம். நிரம்பியபின் மலிவான கியூஎல்சி எஸ்எஸ்டி நொடிக்கு 100 எம்பிக்கு அருகே இறங்கி, ஹார்டு டிஸ்க்குக்குச் சமமாகிவிடும். டிஸ்க் நிறைய நிறைய அந்தப் பகுதியும் சுருங்கும். 1 ஜிபி கோப்பை வைத்துச் செய்யும் சோதனையில் இது எதுவுமே தெரியாது. 50 ஜிபியை ஒரே மூச்சில் நகல் எடுத்தால் தெரியும். பெயரை நம்பி வாங்குவதும் உத்தரவாதம் அல்ல. 2021-இல் குரூஷியல் பி2 எஸ்எஸ்டியின் உள்ளே டிஎல்சிக்குப் பதில் கியூஎல்சி வந்ததும், வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்550-இன் ஃபிளாஷ் மாறி அதன் எழுதும் வேகம் குறைந்ததும் சோதனையாளர்கள் கண்டுபிடித்த பிறகே வெளியே தெரிந்தன. பெயரும் பெட்டியும் மாறவில்லை. 2023-இல் ஆப்பிளின் எம்2 மேக் மினி 256 ஜிபி மாடல், இரண்டு ஃபிளாஷ் சிப்புக்குப் பதில் ஒன்றே இருந்ததால் முந்தைய எம்1 மாடலின் ஏறக்குறையப் பாதி வேகத்தில்தான் படித்தது. அதில் கடிதம் எழுதியவரும் கணக்குப் பார்த்தவரும் அந்த வித்தியாசத்தை உணர்ந்திருக்க வாய்ப்பே குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேகத்துக்கு நிகராக, சொல்லப்போனால் அதைவிட மேலாக, பார்க்க வேண்டிய எண் ஒன்று விவரத்தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். வாழ்நாளில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று தயாரிப்பாளர் ஏற்கும் அளவு அது. 500 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் 300 டெராபைட். அதே கொள்ளளவுள்ள மலிவான கியூஎல்சிக்கு 110 வரை இறங்கும். ஒரு மண்டியின் கம்ப்யூட்டர் நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 110 டெராபைட் தீர 15 வருடம் ஆகும். கணக்கு வேலைக்குக் கவலையே இல்லை. ஆனால் அதே மினி பிசியில் ஸ்டோரின் சிசிடிவி பதிவையும் போட்டுவிடலாம் என்று தோன்றும்போதுதான் ஆபத்து. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் அளவில் நாள் முழுக்கப் பதிந்தால் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 110 டெராபைட் அந்தக் கணக்கில் மூன்றரை வருடத்தில் முடிந்துவிடும், அதோடு உங்கள் லெட்ஜரும் ஆட்டம் காணும். ஹார்டு டிஸ்க் காலாவதி ஆகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. இடைவிடாமல் நீளமாக எழுதுகிற வேலையை அது எளிதாகச் செய்யும், ஜிபிக்கு விலையும் குறைவு. கேமராவுக்குத் தனி ஹார்டு டிஸ்க், கணக்குக்கு எஸ்எஸ்டி என்று பிரித்து வைப்பதே முறை.

மொத்த இயந்திரத்தின் செயல்திறனை மதிப்பிடுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிராசஸர் சில நொடிகள் மட்டும் கூடுதல் மின்சாரம் எடுத்து வேகமாக ஓடிவிட்டு, பெட்டி சூடானதும் அடங்கிப்போகும். ஒரே சிப் உள்ள இரண்டு மினி பிசிகளில், நல்ல காற்றாடியும் சூட்டைக் கடத்தும் செம்பும் உள்ளது பத்து நிமிடத்துக்குப் பிறகும் அதே வேகத்தில் நிற்கும், மற்றது பாதியில் மூச்சுவாங்கும். ஆகவே சினிபெஞ்ச் போன்ற சோதனையை ஒரு தடவை ஓட்டிக் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்புக் குறைவு. பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டி, முதல் எண்ணும் கடைசி எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். அதைவிடச் சிறந்த சோதனை, உங்கள் டேலி டேட்டாவின் நகலைக் கடைக்கே கொண்டுபோய், பத்து டேப் திறந்த குரோமோடு அதை ஓட்டிப் பார்ப்பது. அங்கே பெரும்பாலும் முதலில் போதாமல் போவது ராம். 8 ஜிபி நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கும். வேகமும் போகும், எஸ்எஸ்டியும் தேயும். 16 ஜிபி வையுங்கள். இரண்டு ராம் இடம் உள்ள பெட்டியில் 16-ஐ ஒன்றாக வைப்பதைவிட எட்டு எட்டாக இரண்டு வைத்தால் கிராஃபிக்ஸ் தெம்பாகும். பழைய கம்பெனி மினி பிசிகளை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வாங்கி வருபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது; விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்பது இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். எட்டாம் தலைமுறை லெனோவோ டைனி, டெல் மைக்ரோ போன்றவற்றில் பல மாடல்களில் எம்.2 இடத்தோடு இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் இடம் உண்டு. இரண்டு டிஸ்க் வைக்க முடிகிற அந்த வசதிக்காகவே, ஒரே இடம் உள்ள புதுப் பெட்டியைவிட அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

மலையடிவார ஊர்களில் மேலும் ஒரு சோதனை உண்டு. அது எந்தச் சோதனை மென்பொருளிலும் வராது. ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். சாதாரண எஸ்எஸ்டி, எழுத வந்த தகவலைச் சிறிது நேரம் தன் நினைவில் வைத்துக்கொண்டு பிறகே ஃபிளாஷில் பதிக்கிறது. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு பாழ். சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் அந்தச் சில மில்லி நொடிக்கு மின்சாரம் தரும் மின்தேக்கிகள் இருக்கும், நம் கடையில் விற்பதில் இருக்காது. இங்கேதான் மினி பிசி தன் தகுதியைக் காட்டுகிறது. பெட்டிக்கு 20 வாட், மானிட்டருக்கு 20 வாட், ரவுட்டருக்குக் கொஞ்சம் என்றால் சாதாரண 600 விஏ யூபிஎஸ், பேட்டரி நன்றாக இருக்கும்வரை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். பெரிய டெஸ்க்டாப்பை அதே யூபிஎஸ் சில நிமிடம் தாங்குவதே பெரிது. வேகமான எஸ்எஸ்டிக்காக ஒதுக்கிய கூடுதல் பணத்தை யூபிஎஸ்ஸுக்கும் அதன் பேட்டரியை உரிய காலத்தில் மாற்றுவதற்கும் திருப்பிவிடுவது இந்த ஊருக்கு ஏற்ற முடிவு.

எல்லாமே கிளவுடில் இருக்கும்போது உள்ளே எதற்கு இத்தனை கவலை என்று கேட்பவர்களும் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்ன் இருக்கும், இ-வே பில் இருக்கும். யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தீர்கள், எந்தத் தோட்டத்துக் காய் எந்த லாட்டில் போனது, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் யாருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி என்பது அங்கே இல்லை. சட்டமும் அதை உங்களிடமே கேட்கிறது: ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்குக்கு அந்தத் தேதி 2025 டிசம்பர் 31. ஆகவே 2031 டிசம்பர் முடியும்வரை அது உங்கள் கையில் இருந்தாக வேண்டும். அதற்குள் இந்த மினி பிசியே பழசாகிப் போயிருக்கும். கழற்றிய எஸ்எஸ்டியை மேஜை டிராயரில் போட்டுவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். தேய்ந்து முடிந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பதே சிப் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்கும் அளவு. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் ஆவணக் காப்புக்கு அதை நம்பக் கூடாது. செத்த எஸ்எஸ்டியிலிருந்து தகவலை மீட்பது ஹார்டு டிஸ்க்கைவிடக் கடினம். புதிய விண்டோஸ் 11 பெட்டிகளில் டிஸ்க் முழுதும் தானாகவே பூட்டப்பட்டிருப்பதும் வழக்கமாகிவிட்டது. மீட்புச் சாவி கைவசம் இல்லாதவருக்கு, டிஸ்க் நன்றாக இருந்து பெட்டி மட்டும் போனாலும் கதவு திறக்காது. கிளவுடை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. 300 எம்பி டேலி பேக்கப்பை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்ப நான்கு நிமிடம் போதும், தினமும் செய்யலாம். ஆனால் 500 ஜிபி டிஸ்க் முழுவதையும் அப்படி ஏற்ற நான்கரை நாளுக்கு மேலாகும். அதற்கு வெளி ஹார்டு டிஸ்க்தான் வழி. போடியில் ஒன்று, மலை ஸ்டோரில் ஒன்று என்று இரண்டு இடம் இருப்பது ஏலக்காய்க் குடும்பங்களுக்குப் பெரிய வசதி. கீழே உள்ள கணக்கின் நகல் மேலேயும், மேலே உள்ளதன் நகல் கீழேயும் வாராவாரம் ஜீப்பில் போய் வரலாம்.

ஆகவே மண்டிக்கோ ஸ்டோருக்கோ ஒரு மினி பிசி கேட்பவருக்கு என் தீர்ப்பு இதுதான்: 16 ஜிபி ராம், 500 ஜிபி டிஎல்சி என்விஎம்இ எஸ்எஸ்டி, மூன்றாம் தலைமுறையே போதும், அதில் கால் பங்கு எப்போதும் காலி. கூடவே ஒரு யூபிஎஸ், இரண்டு வெளி ஹார்டு டிஸ்க். ஏற்கெனவே மினி பிசி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் காய் வரத்து குறைவான ஒரு நாளில், உங்கள் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பாருங்கள். போன வருடத்து ஒரு பில் நம்பரைத் தேடி எடுத்துப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், புது எஸ்எஸ்டி பற்றி யோசிக்கும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.